நடுமுள் (வரலாற்றுத் தொடர்) – 4: மல்லாக்கப் புரட்டிய இறால்

சென்ற வாரம் 1822ஆம் ஆண்டுப் பாரிஸில் நிறுத்தியிருந்தோம். எத்தியேன் ஜெஃப்ருவா சேந்திலேர் என்ற ஐம்பது வயது விலங்கியல் பேராசிரியர், மேசைமேல் கிடந்த லாப்ஸ்டர் ஒன்றை, நம் சிங்கி இறாலுக்குத் தூரத்து உறவான பிராணியை, மல்லாக்கப் புரட்டினார். வயிற்றுப் பக்கம் மேலே வந்தது. கத்தியை எடுத்துக் கீறினார். உள்ளே பார்த்தபோது அவருக்குத் தோன்றிய எண்ணம், எட்டு ஆண்டுகள் கழித்து, இளமையிலிருந்து தொடர்ந்த ஒரு நட்பை ஊரறிய முறித்துப்போட்டது.

அவர் கண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் கையால் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் அதன் அதிர்ச்சி பிடிபடும். அதற்குப் பாரிஸ் போக வேண்டாம். மீஞ்சூர் மீன்கடைக்குப் போய் ஒரு மடவையும் கால் கிலோ இறாலும் வாங்கி வந்தால் போதும்.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் ஒருபுறம் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் மறுபுறம் உள்ளே ஏறி இறங்குகிறது. மடவை, கிழங்கான், பால்கெண்டை, கொடுவா, வெள்ளை இறால், பச்சை நண்டு எல்லாம் இந்தக் கலப்பு நீரில் வளர்பவை. கோட்டைக்குப்பம், அரங்கம்குப்பம் பக்கத்து வலைகளில் முள் உள்ளதும் முள் இல்லாததும் ஒன்றாகவே ஏறுகின்றன. விலங்குலகின் ஆகப்பெரிய பிரிவினை ஒரே கூடைக்குள் கிடக்கிறது.

முதலில் மடவை. தலையை நீக்கி, முதுகோரமாகக் கீறி, ஒரு பக்கத்துச் சதையை நடுமுள்ளிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்த நடுமுள்ளில் 24 முள்ளெலும்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன உருளை. முன்னும் பின்னும் குழிந்த முகங்கள். உருளையின் மேல்புறத்தில் ஒரு வளைவு, அந்த வளைவின் உச்சியில் மேல்நோக்கி ஒரு முள். வளைவுகள் அடுத்தடுத்து நிற்பதால் ஒரு சுரங்கம் உண்டாகிறது. அதற்குள் வெள்ளை நூலாக ஓடுவது தண்டுவடம். வால் பகுதிக்கு வந்தால் உருளைக்கு அடியிலும் இதேபோல் ஒரு வளைவு தொங்கும். வாலுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்கு அதுதான் வழி. வயிற்றுப் பகுதியில் இந்தக் கீழ்வளைவு கிடையாது. அங்கே இருபுறமும் விலா முட்கள் விரிந்து குடலைச் சுற்றி நிற்கின்றன. நடுமுள்ளின் அடியில் கருஞ்சிவப்பாய் ஒட்டியிருப்பதை உறைந்த ரத்தம் என்று நினைத்துப் பெருவிரலால் சுரண்டிக் கழுவுகிறோமே, அது மீனின் சிறுநீரகம். அதற்கும் கீழே குடல். எல்லாவற்றுக்கும் அடியில், தொண்டைக்குக் கீழே, இதயம்.

மேலே தண்டுவடம், அடுத்து நடுமுள், அதன்பின் குடல், அடியில் இதயம். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இந்த எலும்புத் தொடர் மீனுக்கு எதற்கு? உடலைத் தாங்க என்று பள்ளியில் படித்தோம். மீனின் எடையைத்தான் தண்ணீர் தாங்குகிறதே. வேகவைத்த மீனின் சதை மடிப்பு மடிப்பாகப் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு மடிப்பும் ஒரு தனித்தசை. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: சுருங்குவது. ஒரு பக்கத்துத் தசைகள் சுருங்கினால் உடலே நீளம் குறைந்து போக வேண்டும். ஆனால் நடுவில், வளையும் ஆனால் குறுகாத தண்டு ஒன்று இருப்பதால், உடல் குறுகாமல் சுருங்கிய பக்கமாக வளைகிறது. அடுத்த கணம் மறுபக்கம். இடமும் வலமும் மாறிமாறி வளைய வளைய, வால் தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது. மீன் முன்னே போகிறது. முதுகெலும்பின் முதல் வேலை நிற்பது அல்ல, நீந்துவது. தண்டுவடத்துக்குக் கவசமாக இருப்பதும் அதனோடு சேர்ந்த பொறுப்பு.

நீந்துவதற்காக அமைந்த அந்தத் தண்டைத்தான் நாலுகால் பிராணிகள் கரையேறி வயிற்றைத் தொங்கவிடும் பாலமாக்கிக்கொண்டன; நாம் அதையே செங்குத்தாக நிறுத்தினோம். மனிதனுக்கு 33 முள்ளெலும்புகள்: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றாக இணைந்த 5, கடைசியில் வாலின் மிச்சமாக 4. பழவேற்காட்டு ஆழமில்லா நீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் இடுப்பு வலிக்கு அந்தக் கோடிக்கணக்கான ஆண்டுக் கதையிலும் ஒரு பங்கு உண்டு. இது பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதியாக வேண்டும்.

இப்போது இறால். ஓட்டை உரித்து முதுகில் ஒரு கீறல் போடுங்கள். கறுப்பு நூல் ஒன்று வரும். சமைக்குமுன் உருவி எறிவோமே, அதுதான். நரம்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது குடல். இதயம் அதற்கு முன்னால், தலையோட்டின் கீழே, முதுகுப் பக்கமாகவே இருக்கிறது. உண்மையான நரம்பு எங்கே? வயிற்றுப் பக்கத்தில், நீச்சல் கால்கள் முளைக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் வெள்ளைக் கோடாக.

ஆக, மேலிருந்து கீழாக மீனில் நரம்பு, குடல், இதயம். இறாலில் இதயம், குடல், நரம்பு.

இறாலை மல்லாக்கப் புரட்டுங்கள்.

*

ஜெஃப்ருவா கண்டது இதுதான். புரட்டிப் போட்ட லாப்ஸ்டருக்குள் உறுப்புகள் ஒரு மீனின் வரிசையில் அடுக்கி இருந்தன. ஓடும் கொடுக்கும் கொண்ட பிராணிக்கும் முள்ளும் செதிலும் கொண்ட பிராணிக்கும் உள்ளே ஒரே அமைப்பு, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடக்கிறது, அவ்வளவே என்று அவர் முடிவு கட்டினார்.

அதோடு நிற்கவில்லை. இறாலின் உடலைச் சுற்றியிருக்கும் ஓட்டு வளையங்கள்தான் அதன் முள்ளெலும்புகள் என்று 1820லேயே சொல்லியிருந்தார். மீன் தன் முதுகெலும்புக்கு வெளியே குடியிருக்கிறது, இறால் தன் முதுகெலும்புக்கு உள்ளே குடியிருக்கிறது என்பது அவர் கருத்து. துணிச்சலான கருத்து. பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி எது என்று தெரிய 174 ஆண்டுகள் ஆயின.

அவரை மறுக்க எழுந்தவர் வேறு யாருமல்ல, அவரே பாரிஸுக்கு அழைத்து வந்த மனிதர். ஜார்ஜ் குவியே 1790களின் தொடக்கத்தில் நார்மண்டிக் கரையில் ஒரு பிரபுவின் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கடற்பிராணிகளை அறுத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். 21 வயதிலேயே பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேராசிரியராகிவிட்ட ஜெஃப்ருவா, அந்தக் குறிப்புகளின் அருமையை உணர்ந்து 1795இல் அவரை வரவழைத்தார். இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள், சேர்ந்து எழுதினார்கள். 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போக அழைப்பு வந்தபோது ஜெஃப்ருவா கப்பலேறினார். குவியே பாரிஸிலேயே இருந்துவிட்டார். ஒருவர் திரும்பி வருவதற்குள் மற்றவர் பிரான்சின் முதல் விலங்கியலாளராக எழுந்துகொண்டிருந்தார்.

1817இல் குவியே வெளியிட்ட பெருநூல் விலங்குகளை நான்கு பெரும் பிரிவுகளாகப் பிரித்தது. முதுகெலும்பு உள்ளவை, மெல்லுடலிகள், உடல் கணுக்களாலானவை, ஆரமாய் விரிந்தவை. நான்கும் நான்கு தனித் திட்டங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமே இல்லை. ஒவ்வொரு உறுப்பும் அந்தப் பிராணியின் வாழ்க்கைக்குத் தேவையான வேலையைச் செய்வதற்காகவே அப்படி இருக்கிறது, ஆகையால் வேலை வேறென்றால் வடிவமும் வேறுதான் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு நம் கரையும் சாட்சி சொன்னது என்பதை இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை. 1816இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தாவரவியலாளர் லெஷனோ தெ லா தூர், புதுச்சேரியிலிருந்து செடிகளோடு மீன்களையும் சேகரித்துப் பாரிஸுக்கு அனுப்பினார். குவியேயும் அவருடைய மாணவர் வலான்சியனும் 1828 முதல் வெளியிட்ட மீன்கள் பற்றிய பெருந்தொகுதியில் அவை இடம்பெற்றன. அதற்கும் ஒரு தலைமுறை முன்பே தரங்கம்பாடியிலிருந்த மதபோதகர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், இந்தக் கரையின் மீன்களைப் பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக்குக்கு அனுப்பிவைத்தார். நன்றியாகக் கத்தாழை மீன்களின் ஒரு பேரினத்துக்கு ஜோனியஸ் என்று பிளாக் பெயர் சூட்டினார். சோழமண்டலக் கரையில் வலை இழுத்தவர்களின் உழைப்பு ஐரோப்பிய அறிவியலின் அடித்தளத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த மீனுக்கும் போய்ச் சேரவில்லை.

பழவேற்காட்டில் அப்போது ஒரு காலம் முடிந்துகொண்டிருந்தது. 1613இல் எழுந்த கெல்டிரியாக் கோட்டையின் உரிமையாளர்களான டச்சுக்காரர்கள், 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் இருபுறமும் நிற்கும் கல் எலும்புக்கூடுகளைப் பற்றி இரண்டாம் வாரம் பார்த்தோம்.

*

1830 பிப்ரவரி. மெய்ரான்க்ஸ், லொரான்சே என்ற அதிகம் அறியப்படாத இருவர் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். பொருள்: கணவாய். முதுகெலும்புள்ள பிராணி ஒன்றைப் பிருட்டம் பிடரியில் படும்படி பின்பக்கமாக மடித்துவிட்டால், உறுப்புகள் கணவாயில் இருப்பது போலவே அமையும் என்றது அந்தக் கட்டுரை. ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு ஜெஃப்ருவாவிடம் வந்தது. பத்தாண்டாக அவர் காத்திருந்த வாய்ப்பு அது. பிப்ரவரி 15ஆம் தேதி கூட்டத்தில் கட்டுரையை வாயாரப் பாராட்டி, நான்கு பிரிவுச் சுவர் இடிந்துவிட்டது என்ற பொருள்படப் பேசினார்.

அந்தக் கழகத்தின் நிரந்தரச் செயலாளர் குவியே. சபையிலேயே இருந்தார்.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 22ஆம் தேதி, வண்ணப் படங்களோடு வந்தார். ஒரு பக்கம் பின்னால் மடித்த முதுகெலும்புப் பிராணி, மறுபக்கம் கணவாய் இனம். உறுப்பு உறுப்பாகக் காட்டினார். இது அங்கே இல்லை, அது இங்கே இல்லை, இருக்கும் உறுப்புகளும் அதே இடத்தில் இல்லை. கணவாயின் உள்ளே ஒரு வெள்ளை ஓடு உண்டு. லைட்ஹவுஸ் குப்பம் கடற்கரையில் நடந்தால் காலில் இடறும், லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் செருகி வைப்பார்கள். பார்வைக்கு எலும்பு போலத்தான் இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக் கார்பனேட்டாலான ஓடு. நுண்ணறைகளில் காற்று நிரப்பி மிதக்க உதவுவது. நம் எலும்போ கால்சியம் பாஸ்பேட். அந்த ஓட்டுக்கும் முதுகெலும்புக்கும் எந்த உறவும் இல்லை. கணவாய் விஷயத்தில் குவியே சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

ஏப்ரல் வரை மீண்டும் மீண்டும் மோதினார்கள். செய்தித்தாள்கள் எழுதின, பொதுமக்கள் வந்து கேட்டார்கள். அடுத்து ஜூலை மாதக் கடைசியில் பாரிஸ் தெருக்களில் வேறொரு மோதல் வெடித்து, மன்னர் பத்தாம் சார்லஸின் ஆட்சியே கவிழ்ந்தது. செய்தி ஜெர்மனியின் வைமார் நகரத்தை எட்டிய ஆகஸ்டு 2ஆம் தேதி, கவிஞர் கெதேயைப் பார்க்க அவருடைய நண்பர் சொரே போனார். எரிமலை வெடித்துவிட்டது என்று எண்பது வயதுக் கிழவர் பரபரத்தார். புரட்சியைத்தான் சொல்கிறார் என்று சொரே ஆமோதித்துப் பேச, கெதே இடைமறித்தார். அவர் சொன்ன எரிமலை குவியே, ஜெஃப்ருவா விவாதம். 1790இல் வெனிஸ் நகரில் மணலில் கிடந்த ஓர் ஆட்டு மண்டையோட்டைப் பார்த்துவிட்டு, மண்டையோடும் மாறிப்போன முள்ளெலும்புகள்தானோ என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஓர் அரியணை விழுந்ததைவிட இது அவருக்குப் பெரிதாகப் பட்டதில் எனக்கு வியப்பில்லை.

உலகம் குவியே வென்றதாகவே எடுத்துக்கொண்டது. அவர் 1832இல் இறந்தார். ஜெஃப்ருவா 1840இல் பார்வையிழந்து 1844இல் மறைந்தார். கணவாயோடு சேர்த்து அந்த மல்லாந்த லாப்ஸ்டரையும் ஒதுக்கிவிட்டார்கள். தோற்ற வழக்கோடு ஒரு நல்ல சாட்சியும் புதைந்துபோனது.

*

1994இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், எடி தெ ராபர்டிஸின் ஆய்வுக்கூடத்தில், யோஷிகி சசாய் ஆப்பிரிக்கத் தவளையின் கருவில் கார்டின் என்ற ஒரு மரபணுவைக் கண்டார். கருவின் எந்தப் பக்கம் முதுகாக வேண்டுமோ அந்தப் பக்கத்தில் அது வேலை செய்கிறது. நரம்பு மண்டலம் அங்கேதான் உருவாகிறது. பழ ஈயிலும் அதே மரபணுவின் உடன்பிறப்பு உண்டு. ஈ, இறாலைப் போலவே கணுக்காலி. அதன் நரம்பும் வயிற்றுப் பக்கம்தான். ஈயின் கருவில் அந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். வயிற்றில். நரம்பு உருவாகும் அதே பக்கத்தில்.

அடுத்த ஆண்டு ஈயின் செய்தியைத் தவளைக் கருவுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். தவளைக்கு அது புரிந்தது. செலுத்திய இடத்தில் முதுகுக்குரிய திசுக்கள் உண்டாயின. 1996இல் தெ ராபர்டிஸும் சசாயும் 'நேச்சர்' இதழில் எழுதியபோது 1822இன் லாப்ஸ்டரை மறக்காமல் நினைவுகூர்ந்தார்கள். ஈயின் வயிறும் நம் முதுகும் ஒரே பக்கம். பொதுவான மூதாதை ஒன்றிலிருந்து பிரிந்த பாதையில் எங்கோ ஒரு கிளை புரண்டு படுத்திருக்கிறது. அந்த மேசையில் ஜெஃப்ருவா கண்டது மெய்.

ஆனால் மற்றப் பாதி? ஓட்டு வளையம்தான் முள்ளெலும்பு என்றாரே, அது நிற்காது. இறாலின் ஓடு கைட்டினாலானது. வளர வளர அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டுக்கொள்கிறது. முள்ளெலும்பு உடலுக்குள்ளேயே உடலோடு சேர்ந்து வளர்வது. புரட்டிப் போட்ட இறாலில் நரம்பு இருக்கிறது, குடல் இருக்கிறது, இதயம் இருக்கிறது. நரம்புக்கும் குடலுக்கும் நடுவே மீனில் ஒரு தண்டு ஓடுகிறதே, அந்த இடத்தில் இறாலுக்கு எதுவும் இல்லை. வரிசை கிடைத்துவிட்டது, நடுமுள் கிடைக்கவில்லை.

திருக்கையைப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பழவேற்காட்டு வலையில் விழும் திருக்கைக்கும் சுறாவுக்கும் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. ஆனாலும் முள்ளெலும்புகள் முழு வடிவில் அங்கே இருக்கின்றன. நாம் தேடுவது அதற்கும் முந்தியது: மீனின் வரிசை அப்படியே இருக்க வேண்டும், ஆனால் முள்ளெலும்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பிராணியே இல்லை என்றுதான் குவியே சாகும்வரை நம்பினார்.

அவர் ஆராய்ந்த காலம் முழுவதும் அது நூலேறியிருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து வந்த, விரல் நீளம்கூட இல்லாத, இரு முனையும் கூர்மையான ஓர் உடலை 1774இல் பீட்டர் சைமன் பல்லாஸ் விவரித்திருந்தார். ஓடில்லாத நத்தை என்று நினைத்து மெல்லுடலிகளோடு சேர்த்துவிட்டார். அதன்பின் அறுபது ஆண்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குவியே இறந்து இரண்டாண்டு கழித்து, 1834இல் நேப்பிள்ஸ் கடற்கரையில் கோஸ்டா அதே பிராணியை மணலில் கண்டெடுத்து, இது நத்தையல்ல, மீன்களுக்குச் சொந்தம் என்றார். 1836இல் லண்டனில் யாரெல் அதன் உள்ளே பார்த்தார். மேலே நரம்பு. கீழே குடல். இரண்டுக்கும் நடுவே, தலைநுனி முதல் வால்நுனி வரை, எலும்பும் அல்லாத குருத்தெலும்பும் அல்லாத ஒற்றை நாண். மண்டையோடு இல்லை, தாடை இல்லை, ஒரே ஒரு முள்ளெலும்புகூட இல்லை. ஆம்ஃபியாக்ஸஸ் என்று அதற்குப் பெயரிட்டார். நம் சென்னைக் கரை மணலிலும் அதன் இனம் வாழ்கிறது. 1960களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர் அசரையா அதைப் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்.

இந்த ஆம்ஃபியாக்ஸஸ் முட்டையிலிருந்து எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவது என, 1860களில் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி என்ற ரஷ்ய இளைஞர் நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் இன்னொரு பிராணியின் முட்டைகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். படகடியிலும் துறைமுகத் தூண்களிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சும் பை போன்ற அசிடியன் அது. தலையில்லை, வாலில்லை, வாழ்நாள் முழுவதும் இடம்விட்டு அசைவதில்லை. குவியேயே தன் கையால் அறுத்துப் பார்த்து, ஐயமே இல்லை, மெல்லுடலிதான் என்று வகைப்படுத்தியது.

முட்டை பொரிந்தது. வெளியே வந்த குஞ்சுக்கு ஒரு வால் இருந்தது. அது நீந்தியது. கோவலெவ்ஸ்கி ஒளியைச் சரிசெய்து அந்த வாலின் நடுவே பார்த்தார்.

(அடுத்த வாரம்)